மூன்றாம் மாடியில் பகடை

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு பிற்பகல் மூன்றாம் மாடி வீட்டில் பணம் வைத்துச் சீட்டாடுவது வழக்கம். லட்சுமி வருமுன் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்ப்பதாக அந்தப் பஞ்சாபிக் குடும்பத்துப் பெரியவர் சொல்வார். வராதவர்களிடம் மறுநாள் காரணம் கேட்பார். சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்ததால் தப்பித்தோம்.

என் கணவர் கைப்பேசியில் சூதாடுவதை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஆடாமல் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் என் டைரியின் மேல் மூலையில் சிறு கோடு ஒன்று போட்டுவந்தேன். அவருக்கு அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்த ஆண்டு சீட்டு இல்லை, கிராப்ஸ் என்ற பகடையாட்டம் என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தது. பெரியவரின் மகன் வெளிநாட்டிலிருந்து கட்டம் அச்சிட்ட பச்சைத் துணியும் இரண்டு பகடைகளும் கொண்டுவந்திருந்தான். நான்கு நாள் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் படித்தேன். முதல் வீச்சில் கூட்டுத்தொகை ஏழோ பதினொன்றோ வந்தால் வெற்றி. இரண்டு, மூன்று, பன்னிரண்டு வந்தால் தோல்வி. வேறு எண் வந்தால் அதே எண் மறுபடி வரும்வரை வீச வேண்டும். அதற்குள் ஏழு விழுந்தால் வைத்தது போயிற்று. பகடை விழக்கூடிய முப்பத்தாறு விதங்களில் ஆறில் கூட்டுத்தொகை ஏழாகவே இருக்கும். துணியின் ஓரத்தில் உள்ள பாஸ் லைன் என்ற கோட்டில் வைத்தால் நஷ்டம் மெதுவாக வரும். நடுக்கட்டங்கள் நிறையத் தருவதாக ஆசை காட்டி வேகமாகப் பறித்துவிடும்.

ஆகவே ஓரக்கோட்டில் மட்டும், ஒரு தடவைக்கு, பணம் கொடுத்து வாங்கும் வில்லைகளில் ஒன்று வைப்பது. தோற்றால் கூட்டுவதில்லை. இருபது வில்லை தீர்ந்ததும் எழுந்துவிடுவது. நான் ஆடுவேன், என் கணவர் பக்கத்தில் நிற்பார் என்பது திட்டம்.

"ரெண்டு பேருமே போகாம இருந்துரலாமே," என்றார்.

காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றேன். முறையோடு ஆடினால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் கூடியிருந்தோம். நான் உட்கார்ந்திருந்தேன், அவர் பக்கத்தில் நின்றார். பகடை ஒவ்வொருவர் கைக்கும் முறைவைத்து வந்தது. அவர் முறை வந்தபோது இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். அவருக்குத் தோளில் வலி என்று நான் பொய் சொல்லிப் பகடையை வாங்கினேன். ஆடிட் நடத்த வந்திருக்கிறேனா என்று பெரியவர் ஹிந்தியில் கேலி செய்தார். நான் ஒவ்வொரு வில்லையையும் கோட்டின் மேல் நேராக வைத்ததுதான் காரணம்.

முதலில் நான்கு வில்லை ஜெயித்தேன். பிறகு வேண்டிய எண் திரும்பி வருமுன்பே ஏழு, மறுபடி ஏழு. நாலே கால் மணிக்கு இருபதும் தீர்ந்தன. எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் என் கணக்கு சரியா என்று தெரிய இவ்வளவு வீச்சு போதாது என்று தோன்றியது. இன்னும் இருபது வாங்கினேன். அவை பாதியானபோது, இத்தனை ஏழுக்குப் பிறகு வேறு எண் வந்தே தீரும் என்று தோன்றியது. நடுவில், நாலும் நாலும் சேர்ந்து விழுந்தால் ஒன்றுக்கு ஒன்பது தரும் கட்டத்தில் ஐந்து வில்லைகளை வைத்தேன். அவை கோணலாக இருந்தன.

"எந்திரி," என்றார் அவர் என் காதருகே.

"ஒண்ணே ஒண்ணுங்க. இப்ப விழுந்துரும்."

"அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். எந்திரி."

அப்போதுதான் அரை மணி நேரமாக அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை என்பது உறைத்தது. அவர் கைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தேன். அதற்குள் பெரியவரின் மகன், ஒரே ஒரு தடவை வீசச் சொல்லிப் பகடையை அவரிடம் நீட்டினான்.

"ஏக் பார், அங்கிள். பஸ் ஏக் பார்."

அவருடைய வலது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. விரல்கள் விரிந்திருந்தன. மேஜையைச் சுற்றி எல்லோரும் தாளம் போட்டார்கள். அந்தக் கை பகடைக்கு ஒரு சாண் தூரம் வரை போனது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் எந்தப் பக்கம் பேசுவேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

கை திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஹிந்தியில் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினார். வில்லைகள் மேஜையிலேயே கிடந்தன.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ கண்டபடி ஆடியிருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது," என்றார். "ஒழுங்கா, அளவா ஆடுன பாரு, அதப் பாத்துதான் ஆசை வந்துச்சு. முறை இருந்தா நானும் ஆடலாமேன்னு."

இனி யார் கேட்டாலும் உண்மையான காரணத்தையே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லு என்றார்.

மேலே பெரும் கூச்சல் எழுந்தது. என்ன எண் விழுந்தது என்று அறிய இருவருமே தலையை உயர்த்தினோம். ஒருவர் உயர்த்தியதை ஒருவர் பார்த்துவிட்டோம். அவர் என் மணிக்கட்டை விடாமலேயே எழுந்தார். அடுத்த கூச்சல் வருமுன் இறங்கிவிட வேண்டும் என்று வேகமாகப் படிகளில் இறங்கினோம்.