தகரக் கட்டுமரம்

வேளாங்கண்ணி மாதாவிடம் ஒருமுறை ஆள்மாறாட்டம் செய்தவன் நான். சரியாகச் சொன்னால் படகுமாறாட்டம். செய்யும்போது அது நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். நான் பட்ட அவமானங்கள் பெரும்பாலும் இப்படி நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

எனக்கு ஒரு வியாதி உண்டு. துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை; கப்பலிலிருந்து பெட்டிகள் இறங்க இறங்கப் பார்த்துக் கோடு போட வேண்டும். என் கண் எண்ணிக்கையில் நிற்காது, பெட்டியில் போய் நின்றுவிடும். ஒருநாள் தேயிலைப் பெட்டி ஒன்றின் பலகையில் கறுப்பு மையால் யானை போட்டிருந்தது. அச்சுத் தகட்டை வைத்து மை தேய்த்தவன் கை நழுவிவிட்டது போலிருக்கிறது, யானைக்கு இரண்டு தும்பிக்கை. பெட்டி உடைந்ததென்று எறிந்தார்கள். நான் பலகையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். மாலுமிகள் ஓய்வு நேரத்தில் பழங்கயிற்றில் பின்னிய மிதியடி, தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கிய ஆமை என்று எதைப் பார்த்தாலும் இப்படித்தான். கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை பேசிக்கொண்டிருப்பேன்.

என் மனைவியிடம் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

"இன்னாய்யா, மறுபடியும் கலீஜ எடுத்துகினு வந்துகிற?"

"கலீஜ் இல்லம்மா. எவனோ ஒருத்தன் உக்காந்து கையால செஞ்சது."

"அவன் உக்காந்து செஞ்சிட்டுப் போயிட்டான். குனிஞ்சு பெருக்கறது யாரு?"

கடைசியில் கூடத்துச் சுவரில் ஒரே ஒரு பலகை எனக்கென்று ஒதுக்கப்பட்டது. அதற்கு மேல் ஒரு பொருள் வந்தால் பழைய பொருள் ஒன்று வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மனைவியின் தம்பி காசிமேட்டில் கட்டுமரக்காரன். மீன் வாசனையோடு வந்து, சாப்பிட்டு, என் பலகையைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுப் போவான். அந்த வருஷம் அவன் புது மரம் கட்டினான். கடலோரத்தில் கட்டுமரத்தை மரம் என்றே சொல்வார்கள். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம். கண் நோவு வந்தவர்கள் கண் உருவமும், கால் நோவு வந்தவர்கள் கால் உருவமும் வேளாங்கண்ணியில் காணிக்கை வைப்பார்கள். அதுபோலப் புது மரம் கட்டியவன் சின்னதாக ஒரு மரம் செய்து மாதா காலடியில் வைப்பான். அதற்கப்புறம் கடலில் போகிற பெரிய மரம் மாதாவின் பொறுப்பு.

செப்டம்பர் திருவிழாவுக்கு நான் போவதாக இருந்தேன். மீன் பாடு நன்றாக இருந்ததால் அவனால் நகர முடியவில்லை. செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

"மாமா, இத்த மாதா காலாண்ட வெச்சுடு. வழியில பிரிக்காத."

"பிரிச்சா இன்னாடா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. உன்ன எனக்குத் தெரியும், அதான்."

செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பிரித்துவிட்டேன்.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டிக் கட்டைகள் செய்திருந்தான். நடுக்கட்டைகளின் மூக்கு லேசாக மேலே தூக்கியிருந்தது. வலை பின்னுகிற நூலால், பெரிய மரத்தைக் கட்டும் அதே முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். பாய்தான் என்னைக் கவிழ்த்தது. பிஸ்கட் டப்பாவின் மூடியிலிருந்து வெட்டிய பாய். மூடியில் அச்சடித்திருந்த ரோஜாவில் பாதி அதில் வந்து விழுந்திருந்தது. காற்று வாங்கினால் பாய் எந்த இடத்தில் புடைக்குமோ, சரியாக அந்த இடத்தில் சிவப்பு. இது இவனுக்கே தெரியாமல் வந்து விழுந்த அழகு, கண்டுபிடிக்க என்னைப் போல ஒரு ரசிகன் வேண்டியிருந்தது என்று ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாகப்பட்டினம் வருவதற்குள் எனக்குள் ஒரு வக்கீல் எழுந்துவிட்டார். மாதாவுக்கு வெள்ளி இருக்கும்போது தகரம் எதற்கு? தகரம் துருப்பிடிக்காதா? பையன் ஏழ்மையில் தகரத்தில் செய்தான், மாமன்காரன் அதை வெள்ளியாக உயர்த்தி வைத்தால் புண்ணியம் இரண்டு பங்குதானே?

கடைத்தெருவில் வெள்ளி உருவங்கள் தட்டுத் தட்டாக இருந்தன. ஒரே அச்சில் அடித்த கண்கள், ஒரே அச்சில் அடித்த பாதங்கள். கட்டுமரம் இருக்கிறதா என்றேன். படகு இருக்கிறது என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். பார்த்தால் புகைக்கூண்டு. அது நீராவிக் கப்பல். பின்னால் கூட்டம் நெருக்கியது. மரம் என்ன, கப்பல் என்ன, இரண்டும் மிதப்பவைதானே என்று வக்கீல் வாதத்தை முடித்துக்கொண்டார். வெள்ளிக் கப்பலை மாதா காலடியில் வைத்துவிட்டு, தகர மரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

"வேளாங்கண்ணி ஞாபகமா வாங்கினேன்" என்றேன் மனைவியிடம்.

"ரயிலேறிப் போய் தகரம் வாங்கினு வந்தியா? நம்ம தெருமுனையில காயலாங்கடை இல்ல?"

மரம் பலகையில் ஏறியது. மச்சானின் குரல் வாசலில் கேட்டால் அரிசி டின்னுக்குள் இறங்கும்.

"வெச்சியா மாமா?" என்று முதல் தடவை வந்தபோது கேட்டான்.

"வெச்சேன்டா. மாதா பார்த்துகினே இருந்தா."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் எனக்குப் பெருமை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து வந்தால் மனைவி வாசலிலேயே நிற்கிறாள்.

"தம்பி இன்னும் கரை சேரலயாம். விடிகாலைல போன மரமெல்லாம் திரும்பிருச்சு. அவன் மரம் மட்டும் காணோமாம்."

எனக்கு அந்த நிமிஷமே கண்முன் வந்து நின்றது புகைக்கூண்டுதான். செப்டம்பருக்கு அப்புறம் எங்கள் துறைமுகத்தில் ஒரு நீராவிக் கப்பலுக்குக்கூடக் கீறல் விழவில்லை. ஐப்பசிப் புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்த கப்பல்கூட அலுங்காமல் உள்ளே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். இப்போதுதான் புரிந்தது. மாதா சொன்ன இடத்தில் ஒழுங்காகக் காவல் இருந்திருக்கிறாள். விலாசம் எழுதியவன்தான் முட்டாள்.

காசிமேட்டுக்கு ஓடினேன். என் வயதுக்காரர் ஒருவர் மணலில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து செத்துப்போச்சு, நைனா. நீரோட்டம் வடக்கால இழுக்குது. எங்கனா கரை தட்டுவான். நீ இன்னாத்துக்கு இப்படி ஆடுற?"

"வடக்காலன்னா எங்க?"

"எண்ணூரு. இல்லாங்காட்டி பழவேற்காடு."

"அதுக்கும் வடக்க போனா?"

"கல்கத்தா. அங்க போனா லெட்டர் போடுவான், போ."

பக்கத்தில் கூடையைத் தலைக்கு ஏற்றப் போன மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா கிளார்க்கு, மூஞ்சி கருவாடு மாரி கீது?"

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்லிவிட்டேன். ரயில், ரோஜா, வக்கீல், புகைக்கூண்டு எல்லாம். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு கடற்கரை முழுக்கக் கேட்கும்படி, "அட பேமானி! மரத்துக்குக் காவல் வையின்னு குடுத்தா, வெள்ளைக்காரன் கப்பலுக்கா வெச்ச?" என்றாள். வலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது.

அங்கிருந்து ராயபுரம் கோயிலுக்கு ஓடினேன். தலைமை ஆபீசில் செய்த தப்புக்குக் கிளை ஆபீசில் மனுப் போடுவது முறையா என்று தெரியவில்லை. ஆனாலும் மாதா சுரூபத்தின் முன் முட்டிபோட்டேன். மச்சான் உயிரோடு வந்தால் சிரட்டை ஆமையைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மாதா பேசவில்லை. கயிற்று மிதியடியையும் சேர்த்துக்கொண்டேன். அப்போதும் பேசவில்லை. இரண்டு தும்பிக்கை யானையை மட்டும் நான் வாயைத் திறந்து சொல்லவேயில்லை. ஒருவன் உயிர் கடலில் ஊசலாடும்போது இன்னொருவன் தேயிலைப் பலகைக்காகப் பேரம் பேசினான். மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த இன்னொருவன் நான்தான்.

மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி வீடு திரும்பினேன். உள்ளே தட்டுச் சத்தம். கூடத்தில் மச்சான் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். காற்றில்லாமல் வடக்கே இழுத்துப்போன மரத்தை எண்ணூர் முகத்துவாரத்தில் கரையேற்றி, கூட்டாளியைக் காவலுக்கு விட்டு, ரயிலேறி, பசி தாங்காமல் நேரே அக்காவைப் பார்க்க வந்திருக்கிறான். நான் பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டேன். தோளெல்லாம் உப்பு. அவன் அசையவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் தகர மரம் இருந்தது. அரிசி டின்னுக்குள் இறக்கி வைக்கத்தான் அன்று நான் வீட்டில் இல்லையே.

"மாமா, இது இங்க இன்னா பண்ணிகினு கீது?"

"அது வந்து..."

"அப்ப அங்க இன்னா வெச்ச?"

"வெள்ளியில. நல்லா பெருசா."

"பெருசா இன்னா?"

"கப்பலு."

"இன்னா கப்பலு?"

"புகைக்கூண்டு வெச்ச கப்பலு."

மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரிக்க வாயெடுத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"கரை கண்ணுக்கே தெரில மாமா. கூட இருந்தவன் அழுவுறான். நான் அவனாண்ட சொன்னேன், பயப்படாதடா, நம்ம மரம் மாதா காலாண்ட கீது, என் கையால செஞ்சது, பாய் பொடைக்கிற எடத்துல ரோசாப்பூ வர்ற மாரி மூணு மூடிய வீணாக்கி வெட்டினேன்னு. அத்தச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு பேரும் துடுப்பு போட்டோம்."

கடலில் அவன் எதைப் பிடித்துக்கொண்டு வந்தானோ, அதை ஐந்து மாதமாக நான் அரிசிக்குள் புதைத்துப் புதைத்து எடுத்திருக்கிறேன். அந்த ரோஜாவை நான் கண்டுபிடித்ததாக வேறு நினைத்துக்கொண்டு.

"நல்லாருந்துதுடா" என்றேன். "குடுக்க மனசு வரல."

"தெரியும். அதான் பிரிக்காதன்னேன்."

பாய்க்கும் கட்டைக்கும் நடுவில் ஒட்டியிருந்த அரிசி ஒன்றை நகத்தால் எடுத்துப் போட்டான். கை கழுவி எழுந்தபோது தீர்ப்புச் சொன்னான்: "வர வெள்ளிக்கெயம லீவு சொல்லு. ரெண்டு பேரும் போறோம்."

போனோம். கிளம்பும்போது, நான் நேர்ந்துகொண்டதைக் கேட்ட மனைவி ஆமையையும் மிதியடியையும் உற்சாகமாகக் கட்டிக் கொடுத்தாள். வழி நெடுக மரத்தை அவன் என்னிடம் கொடுக்கவேயில்லை. டீ குடிக்க இறங்கியபோதுகூட ஒரு கையில் கிளாசும் மறுகையில் மரமுமாக நின்றான். கோயிலில் வெள்ளிக் கண்களுக்கும் பாதங்களுக்கும் நடுவில் அதை வைத்தான். அந்தப் பளபளப்பில் அது மட்டும்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்ற வந்த கோயில்பிள்ளை குனிந்து பார்த்தார், நிமிரவே நேரமாயிற்று. எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பதறியது. அவரும் என்னைப் போன்ற ஆளாக இருந்தால்?

மச்சான் இன்னொரு மெழுகுவர்த்தியும் ஏற்றினான். எதற்கு என்றேன்.

"உன் கப்பலுக்கு. அதுல கீறவனும் மனுசந்தான?"

வாசலுக்கு வந்ததும் என்னை ஓரமாக இழுத்து நிறுத்தினான்.

"ஜோப்பியக் காட்டு மாமா."

இரண்டு சட்டைப்பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். திருவிழாக் கூட்டம் இல்லை என்றாலும் வேடிக்கை பார்க்க நாலு பேர் இருந்தார்கள். அவன் திருப்தி அடையவில்லை. என் கையிலிருந்த குடையை வாங்கி, அந்த உச்சி வெயிலில் அதைத் தலைகீழாக விரித்து, நன்றாக ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான்.