வெளியே போடுங்க, தொரை

வயதானால் சிரிக்கவைக்கிறவனுக்குச் சரக்கு தீர்ந்துவிடுமா, தீராதா? என் கடைக்கு வந்து உட்காருகிற ஆட்களுக்கு இது ஒரு ஓயாத வாதம். எனக்கு எரிச்சலாக வரும். இருபத்தைந்து வருஷமாக ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து மேடையையும் கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிறவன் நான் ஒருத்தன் இங்கே இருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களே பேசி அவர்களே தீர்ப்பும் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

என் பேர் வேலுமணி. அன்னூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சேரம்பாடி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டேன். மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறேன். மேலே மலையில் ஒரு தனியார் எஸ்டேட் இருக்கிறது. அதன் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த திருவிழாவுக்கு வேறு மைக்செட்காரன் போவான். அந்த எஸ்டேட்டில் இருக்கும் ராஜரத்தினம் அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்ட காலத்தில், மனைவி தெய்வம்மாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கொஞ்சநாள் கிடந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அறை கொடுத்தார்கள். அவர்கள் பேச்சில் அது காம்பரா. வந்த புதிதில் ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் களத்தில் எல்லோரும் குளிரில் நிற்க, துரை வரவில்லை. இவரே துரையாகிவிட்டார். ஒரு குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்கை வானத்துக்குக் காட்டி நடந்து, சேற்றில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே கொழுந்து சரியில்லை என்று அதட்டினாராம். நிஜத் துரை பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலை போகவில்லை. அந்த வருஷ மாரியம்மன் திருவிழாவில் அதையே மேடையில் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் மேனேஜரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். மேனேஜர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஜனங்களுக்கு அவர் துரைதான். அன்றைக்கு ஒரு பொழுது அவரை மேடையில் என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். அவர் சிரித்தாக வேண்டும். மறுநாள் காலை அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. அவரும் மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது.

அந்தக் காலத்து ராஜரத்தினத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் மேடையேறினாலே கூட்டம் பதறும். இந்த ஆள் இன்றைக்கு எதைச் சொல்லித் தொலைக்கப் போகிறானோ என்று மேஸ்திரி முதல் கிளார்க் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பதற்றம்தான் சிரிப்பாக வெளியே வரும் என்பது என் அனுபவம். சொல்லி முடித்ததும் இடது புருவத்தை மட்டும் தூக்கி, அரை மூச்சு நிற்பார். கூட்டம் இடிந்து விழும்.

ஓய்வு பெறும் வயது வந்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், அவர் பேரை வெட்டினார்கள். பேர் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா கிடையாது. கடைசி மகள் சுகுணா தாற்காலிகமாகப் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள். அதனால் காம்பரா தங்கியது. அதிலிருந்து அண்ணன் மேடையில் இருக்கிற துரையைத் தொடவில்லை. என்றைக்கோ செத்துப்போன ஹட்டன் வெள்ளைக்காரத் துரையை மட்டும் கிண்டல் செய்தார். முழங்கால் வலியால் விழவும் முடியவில்லை. விழுகிற மாதிரி கொஞ்சம் சாய்வார். பெரியவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் வாங்க எழுந்து போனார்கள். வயதாகிவிட்டது, சரக்கு தீர்ந்தது என்று என் கடையில் பேசிக்கொண்டார்கள். வயதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. ஃபேக்டரி ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் ஓடவில்லை. சம்பளம் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போனது. கூடலூருக்கும் கேரளாவுக்கும் கூலிக்குப் போனவர்கள் போக, பிள்ளைகள் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். பனியன் கம்பெனி வேன் வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சுகுணாவும் போகத் துடித்தாள். ஆனால் அவள் போனால் பேர் போகும். பேர் போனால் காம்பரா போகும். தெய்வம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டது. "ஒருக்கா கப்பலேறுனது போதும். இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது." அம்மாவை அழவிட்டுப் போக சுகுணாவுக்கு மனசில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது. ஈரம் இறங்கும் கூரைக்குக் கீழே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அண்ணன் கடைக்கு வந்தார். ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இந்த வருஷம் நான் கதைக்கிறப்போ யார் வந்து சொன்னாலும் மைக்கை நிப்பாட்டக் கூடாது."

"ஏனுங்ண்ணா, அப்படி என்னத்தைப் பேசப் போறீங்க?"

"இப்ப இருக்கிற தொரையைச் செய்யப் போறேன். சும்மா இல்ல. உரிச்சு வைக்கப் போறேன். அந்தாளுக்கு ரோஷம் வந்து எங்களை வெளியே போடணும்."

திருப்புளியைக் கீழே வைத்தேன். "அக்காளுக்குத் தெரியுமாங்க?"

"தெரிஞ்சா விடுவாளா? நாமளா போனாத்தானே அவளுக்கு மனசு கேக்காது. தோட்டமே வெளியே போட்டா யாரு என்னா செய்ய ஏலும்? புள்ளை திங்கக்கிழமை வேன்ல போயிருவா. நாங்க ரெண்டு பேரும் அவ பின்னாலயே எங்கயாவது கிடப்போம்." மேஜையில் கிடந்த திருகாணியை எடுத்து உருட்டினார். "வேற வழி எனக்குத் தெரியல தம்பி."

எனக்கும் தெரியவில்லை. சரிங்ண்ணா என்றேன்.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் மேனேஜர் முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். வயதில் சின்னவர், எதற்கெடுத்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அண்ணன் மேடையேறினார். மேனேஜர் வேஷத்துக்கு மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முதலில் மூச்சை அடக்கியது. அப்புறம் பெண்கள் பக்கமிருந்து குபீரென்று கிளம்பியது.

"நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றார், அச்சு அசலாக மேனேஜர் குரலில். "குடும்பத்துக்குள்ள யாராவது சம்பளம் கேப்பாங்களா?"

களமே அதிர்ந்தது. அவர் விடவில்லை. "காம்பராவுல தண்ணி ஒழுகுதுன்னு புகார் பண்றீங்க. பைக்காராவுல தண்ணி விழறதைப் பார்க்க ஜனங்க டிக்கெட் வாங்குறாங்க. உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஃப்ரீயா விட்டிருக்கேன்." அடுத்து, "லண்டன்ல யாரும் டீ குடிக்கிறதில்லையாம், நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தார். உடனே தொழிலாளி மாதிரி குனிந்து, "நாங்க வேணா போய்க் குடிச்சிட்டு வரட்டுங்களா தொரை?" என்றார்.

ஃபீல்டு ஆபீசர் சுவிசேஷமுத்து வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். "நிறுத்துங்க, போதும்." ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் ஷாக் அடிக்குமுங்க, கிட்ட வராதீங்க என்று பயமுறுத்தி அனுப்பினேன். பழைய ராஜரத்தினம் திரும்பி வந்திருந்தார். அந்த நாளை விட நன்றாகச் செய்தார் என்றே சொல்வேன். இளவயதில் குறும்புக்குச் சொன்னார். இப்போது ஒவ்வொரு வரியும் அவர் முதுகிலிருந்து உரித்தெடுத்த மாதிரி வந்தது.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். முகத்திலிருந்த மேனேஜர் போய்விட்டார். வெறும் கிழவர் நின்றார்.

"தொரை, இப்ப நான் கதைக்கிறேன். ராஜரத்தினம். என் மக பேரை வெட்டிருங்க. எங்களை வெளியே போடுங்க, தொரை."

சத்தமே இல்லை. கண்ணாடியைத் துடைக்கப் போன மேனேஜரின் கை பாதியில் நின்றது. நான் சாமியைக் கும்பிட்டேன். இன்னும் இரண்டு நொடி அப்படியே நின்றிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, பின்வரிசையில் சின்னம்மை என்கிற கிழவி, பதற்றம் தாங்காமல் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அண்ணனின் இடது புருவம் மேலே போனது. அரை மூச்சு நின்றார்.

அவ்வளவுதான். கூட்டம் இடிந்து விழுந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மேனேஜர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மேடையில் நின்றவரை எனக்கு ஓடிப்போய் அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்து என்ன பண்ண? காது நிறையச் சிரிப்பு வந்து மோதும்போது அந்தப் புருவத்தைப் பிடித்து வைக்க அவரால் முடியாது.

மேனேஜர் மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்துப் பேசினார். சம்பளம் வராத நேரத்திலும் ஜனங்களைச் சிரிக்கவைக்கிற ஒரு மனுஷனை யாராவது வெளியே போடுவார்களா என்று கேட்டார். ராஜரத்தினம் இந்த மேடையில் நிற்கும் வரை அந்தக் காம்பரா அவருடையது, மகளுக்கு நிரந்தரமாகப் பேர் பதியச் சொல்கிறேன் என்றார். விசில் பறந்தது. தெய்வம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதது. சுகுணா எங்கே நிற்கிறாள் என்று நான் தேடவில்லை. தேட எனக்குத் துணிச்சல் இல்லை.

வயர் சுருட்டும்போது அண்ணன் பொன்னாடையோடு வந்து பெட்டி மேல் உட்கார்ந்தார். "புருவத்தைத் தூக்கித் தொலைச்சிட்டேன் தம்பி" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா சிரிப்பு எப்படி இருந்திச்சு?" என்று கேட்டார். என்ன மனுஷன் இவர் என்று தோன்றியது. நல்லாத்தான் இருந்துச்சுங்ண்ணா என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை வேன் வந்து போனது. சுகுணா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு களத்துக்குப் போனாள். நிரந்தரப் பேர் கிடைத்த பிள்ளையை, அதுவும் விலை விழுந்த காலத்தில், வேலையை விட்டுப் போ என்று எந்த அம்மா சொல்லும்?

இந்த வருஷத் திருவிழாவுக்கு மேனேஜர் குன்னூரிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் போல. அண்ணன் கண்ணாடி துடைத்து முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்தே மேனேஜர் கேட்டார். "ராஜரத்தினம், அந்த வெளியே போடுங்க ஐட்டம் பண்ணுங்க." ஜனங்களும் கை தட்டிக் கேட்டார்கள். அண்ணன் செய்தார். கண்ணாடியைக் கழற்றி, கிழவராகி, என் மக பேரை வெட்டிருங்க என்றார். இந்தத் தடவை குரலைக்கூடக் கொஞ்சம் நடுங்கவிட்டார். புருவம் சரியான இடத்தில் போனது. போன வருஷத்தை விடச் சிரிப்பு அதிகம்.

நான் ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது சுகுணா வந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமில்ல. வயசாக வயசாக இவுங்களுக்கெல்லாம் சிரிப்பு வர்றது நின்னுருமா?"

"ஏஞ்சாமி கேக்கற?"

"இல்ல, அப்பா இன்னும் எத்தனை வருஷம் நல்லா செய்வாருன்னு."

மேடையில் விருந்தாளிகள் அண்ணனைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்காகப் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். சுகுணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நெம்ப வருஷம் செய்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரியலையே சாமி என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரைத் தூக்கினேன்.