முப்பதைத் தாண்டாத முள்

மண்ணெண்ணெய் மணம்... அந்த நாட்களில் என் தலையணையிலும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் அருமையாகிப்போன காலம். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். உங்களில் சிலருக்கு அந்தப் புகை இன்னும் மூக்கில் இருக்கும்.

மானிப்பாயில் என் மனுசன் ஒரு பழைய இங்கிலீசுக் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். ஓட்டோமற்றிக். மற்றக் கார்கள் நின்றுவிட்டால் நாலு பேர் தள்ளி ஸ்ராட் பண்ணலாம். தானாகக் கியர் மாறும் இதைத் தள்ளியும் பிரயோசனமில்லை என்று ஊரே பகிடி பண்ணும். எனக்குக் கோபம் வரும். அந்தக் காரை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் கியர்பொக்ஸ் போய்விட்டது. கோப்பாயில் கராஜ் வைத்திருந்த செல்வம் அண்ணை, கழித்துப்போட்ட வேறொரு ஓட்டோமற்றிக் காரில் இருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தார். கார் சத்தமில்லாமல் ஓடியது.

ஆனால்... ஒரு போத்தல் எண்ணெய்க்கு முன்பு ஓடிய தூரம் இப்போது ஓடவில்லை. மீற்றரைப் பார்க்கப் பார்க்க மனுசனின் முகம் கறுத்தது. கார்பரேற்றரைக் கழற்றினார், பூட்டினார், திரும்பவும் கழற்றினார். எண்ணெயில் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தார். கடைசியில் எஞ்சின் செத்துப்போச்சு என்று முடிவு. வட்டுக்கோட்டையில் இருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை வாங்குவதாகப் பேச்சு. வித்துப்போட்டு என்ன தொழில் செய்வது? அவருக்கும் தெரியவில்லை, நான் கேட்கவும் பயந்தேன்.

சனிக்கிழமை கடைசி ஹயர். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அக்காவைக் கோப்பாயில் விட வேண்டும். மனம் கேட்காமல் நானும் முன்சீற்றில் ஏறினேன். எண்ணெய் மிச்சம் பிடிக்க இவர் முப்பது மைல் வேகத்தைத் தாண்டவே மாட்டார். பின்னால் இருந்த அக்காவோ சீற்றை இறுக்கிப் பிடித்தபடி.

"தம்பி, மெல்லப் போ மோனை. நான் வீடு போய்ச் சேர வேணும்."

"முப்பதிலைதான் போறன் அக்கா. உந்த மீற்றர் முள்ளைப் பாருங்கோ."

நானும் பார்த்தேன். முப்பதுதான். வெளியே பார்த்தால் வேலிகள் பறந்துகொண்டிருந்தன... கியர்பொக்ஸ் மாற்றிய நாளில் இருந்து ஏறுகிற ஆட்கள் எல்லாருக்கும் இதே முறைப்பாடு. சனத்துக்குப் பயம் கூடிவிட்டது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"இஞ்சருங்கோ, அவ சொல்லுறதுதான் சரி. மீற்றர்தான் பொய் சொல்லுது."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அக்காவை இறக்கிவிட்டு, ஒரு மைல் கல்லில் இருந்து அடுத்த கல்வரை மெல்ல உருட்டிப் பார்த்தார். கல் வந்துவிட்டது. மீற்றரில் முக்கால் மைல்தான் ஓடியிருந்தது. அப்படியென்றால் கார் எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கவில்லை... மீற்றர்தான் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது!

நேரே கராஜுக்குப் போனோம். ஸ்பீடோமீற்றர் கேபிள் கியர்பொக்ஸில் வந்து சேருகிற இடத்தில், சுண்டுவிரல் அளவில் ஒரு பற்சக்கரம் இருக்கும். காருக்குக் கார் அதன் பற்களின் எண்ணிக்கை வேறு. பல்லுக் கூடினால் முள்ளும் மைல் கணக்கும் பின்தங்கும். செல்வம் அண்ணை மற்றக் காரின் பற்சக்கரத்தை மாற்றாமல் அப்படியே பூட்டியிருந்தார். எங்கள் பழைய கியர்பொக்ஸ் மூலையில் கிடந்தது. அதில் இருந்ததைக் கழற்றி, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பல்லை எண்ணிப் பார்த்து, கிறீஸ் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லையடாப்பா. நான்தான் உதைக் கவனிக்கேல்லை."

பழைய பற்சக்கரத்தைப் போட்டு ஓடிப் பார்த்தோம். மைலுக்கு மைல் சரி. என் மனுசன் பொனற்றைத் தடவிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வட்டுக்கோட்டைக்காரர் வந்தார். இவர் வாசல் படலையிலேயே மறித்துவிட்டார்.

"விக்கேல்லை அண்ணை. கோவியாதேங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குசினிக்குள் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் தேத்தண்ணி ஊற்றினேன்.

இப்போது கனடாவில் மகனின் கார், எந்த ரயரில் காற்றுக் குறைவு என்றுகூடத் திரையில் காட்டுகிறது. நல்லதுதான். எங்கள் அலைச்சல் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஆனாலும்... படலையில் அவர் சொன்ன அந்த "விக்கேல்லை"யைக் கேட்டபோது நான் விட்ட நிம்மதி மூச்சு இருக்கிறதே... அப்படியொரு மூச்சை இந்த நாட்டில் நான் இன்னும் விடவில்லை.