வெறுங்கையோடு போன விருந்து

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து நான் வந்து இறங்கியது மத்திகிரியில் ஒரு வரிசை வீட்டுக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. மாசி மாதத்திலும் விடிகாலையில் ஸ்வெட்டர் கேட்கும் ஊர். தெருக்குழாயில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஓடும். என் தென்பாண்டிப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இப்போதும் அங்கே போய் நிற்கலாம் போலிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டு அண்ணன், என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர். என் கணவருக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஒருநாள் அவர் தகடு வெட்டும் அச்சான டையைச் சரியாக முடுக்காமல் மெஷினை ஓட்டிவிட்டார். டை உடைந்துபோனது. அன்றே அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அண்ணன் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“கவனிக்காம விட்டது அவருதான், இல்லேன்னு சொல்லலைங்க. ஆனா ஷிஃப்ட் என்னுது. என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க. அவரை விட்டுடுங்க.”

அண்ணனிடமிருந்த பொறுப்பைப் பிடுங்கி, ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதத்தில் என் கணவருக்கு வேலை நிரந்தரமானது.

அந்த உதவி என் கணவரைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் வீட்டு சிலிண்டரை ஓடிப்போய்த் தூக்குவார். ஒழுகும் குழாயைச் சரிசெய்வார். ஊருக்குப் போய்வந்தால் காராச்சேவு பொட்டலம் முதலில் அங்கேதான் போகும். ஆனால் அண்ணன் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். தனக்கும் அன்று கோபம்தான் வந்தது, ரெண்டு நாள் வீட்டுக்காரரோடு பேசவில்லை என்று அண்ணனின் மனைவி, அந்த அக்கா, துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள். அப்புறம் எப்படிக்கா சமாதானமானீங்க என்றதற்கு, பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்கு வா என்றாள்.

போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். குற்றம் செய்தவர்களுக்கு வரவேண்டிய தண்டனையைக் குற்றமில்லாத ஒருவர் ஏற்றுக்கொண்டதைப் பற்றித்தான் பிரசங்கம் முழுவதும். நாலு பேரும் திரும்பி வரும்போது, மாட்டுப்பண்ணை வேலியோரம் என் கணவர் நின்றுவிட்டார்.

“ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தர் அனுபவிக்கிறது என்னண்ணே நியாயம்? அவனவன் வினைய அவனவன்தானே தீர்க்கணும்?”

“நியாயம் பாத்தா நானே தப்பமுடியாது தம்பி. எனக்கு வரவேண்டியதை ஏசு வாங்கிக்கிட்டாரு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ணலை, பண்ணவும் முடியாது. சும்மா குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். நான் உனக்குப் பண்ணது அதுல ஒரு துளி. நீ சிலிண்டர் தூக்கித் தூக்கி அதைக் கூலியாக்கிடாதே.”

என் கணவர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் பக்கத்திலேயே நின்றார்.

ஈஸ்டர் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஒரு சீப்பு பழம் எடுத்துவைத்தேன். “வேணாம், வெறுங்கையோடயே போவோம்” என்றார் இவர். போய் இரண்டு தடவை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணனை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தார்.

பின்னால் இவர் அந்தக் கோயிலுக்கே போகத் தொடங்கினார். நான் என் சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. அந்த ஈஸ்டர் அன்று சாப்பிட்டு முடித்து, வாசலில் பாய் விரித்து நாலு பேரும் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். என்ன பேசினோம் என்பதுதான் நினைவில்லை.