ஹார்பரில் உதித்த சூரியன்

கம்ப்யூட்டரில் கட்டடம் சிவப்பாகத் தெரிந்தால் அது ஒரு நாள் தீப்பிடித்துவிடும் என்று நம்பியவன் நான். இருபது வருடம் டிரேசிங் பேப்பரில் கோடு போட்டவனுக்கு அவ்வளவுதான் மூளை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ராயபுரத்தில் நான் வேலை பார்த்த சின்ன ஆபீசுக்கு ஒரு சாப்ட்வேர் வந்தது. கட்டடத்தை வரைந்து கொடுத்தால், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு சூடாகும் என்று காட்டும். நீலம் குளிர்ச்சி, சிவப்பு வெக்கை. முதலில் ஏற்றியது நான் வரைந்த வலைக்கூடம். திருவொற்றியூர்க் குப்பத்தில் வலை பழுது பார்ப்பவர்களுக்கானது. அவர்களுடைய பழைய தகரக் கொட்டகையில் வெயில் ஏறினால் உட்கார முடியாது. புதியதும் அப்படித்தான் என்றால் கட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்களுடைய தலைவர் பார்க்க வந்திருந்தார். எங்கள் மேடம் 'மே மாதம், பிற்பகல் மூன்று மணி' என்று தட்டினார். வலைக்காரர்கள் உட்காரவென்று நான் ஒதுக்கிய வடக்குச் சுவரோரம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. நான் வாசலில் தொங்கிய தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"இன்னா நைனா, கொட்டா எரிஞ்சுகினு கீது?" என்றார் தலைவர்.

மேடம் சூரியனைக் காலையிலிருந்து நகர்த்திக் காட்டினார். தலைவர் சிரித்துவிட்டார்.

"மாமு, உன் மிஷின்ல சூரியன் ஹார்பர்லேர்ந்து கெளம்புது! எங்களுக்குக் கடல்லேர்ந்துதான் வரும்."

குப்பத்துக்காரர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தே பழகியவர்கள் என்பதால், அவர்களுக்கு வரையும்போது கடலைத் தாளின் மேற்பக்கம் வைப்பேன். மிஷின் மேற்பக்கத்தை வடக்கு என்று எடுத்துக்கொண்டது; குப்பத்துக்குத் தெற்கே இருக்கிற ஹார்பர் அதற்குக் கிழக்காகிவிட்டது. கடல் கிழக்கே இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது?

திசையைத் திருப்பினோம். வடக்குச் சுவரோரம் நீலமானது. நான் காலரைத் தூக்கிவிடுவதற்குள் சிவப்பு மேற்கே, ரோட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தது. அங்கேதான் போகிறவர்கள் பார்த்து மெச்சட்டும் என்று நான்கு பெரிய சன்னல் வைத்திருந்தேன்.

"ரோட்ல போறவனுக்கு இன்னாத்துக்கு மாமு ஷோ?"

நான்கையும் மூடி, கூரையை ஒட்டிச் சூட்டுக்காற்று வெளியேறச் சின்னத் திறப்புகள் வைத்தேன். சிவப்பு ஓரத்தில் ஒரு கோடாகச் சுருங்கியது. தலைவர் கட்டச் சொன்னார்.

மறு வருடம் மே மாதம், மூன்று மணிக்கு, வேண்டுமென்றே போய் எட்டிப் பார்த்தேன். பதினோரு பேர் உள்ளே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றிருந்த வரை யாரும் எழுந்து வெளியே வரவில்லை.