சாம்பல் பிரபுவின் வணக்கம்

நெமோதோ இவாவோ அடிவாங்கிப் பிழைத்தவன். தொலைக்காட்சியில் வாரம் ஒரு வீரன் வந்து உலகத்தைக் காப்பாற்றுவான் அல்லவா, அவன் கையால் முதல் குத்து வாங்கி உருள்வதற்கு ஒரு கறுப்புப் பட்டாளம் வேண்டும். அதில் மூன்றாவது ஆளோ நான்காவது ஆளோ இவாவோதான். தலையிலிருந்து கால் வரை இறுக்கிப் பிடித்த கறுப்புத் துணி. கண் இருக்கும் இடத்தில் மட்டும் வலை. பெற்ற தாயே பார்த்தாலும் தன் பிள்ளை இன்னான் என்று சொல்ல முடியாது.

ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். அடித்தவனிடமும் மன்னிப்புக் கேட்பான், அடிவாங்கினவனிடமும் மன்னிப்புக் கேட்பான். குதிகாலைச் சேர்த்து, கைகளைத் தொடையில் வைத்து, இடுப்பிலிருந்து மடங்கி ஒரு வணக்கம். இடது தோள் எப்போதோ முறிந்து சரியாகக் கூடாததால், குனியும்போது தலை மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டு அதற்கும் வணக்கம் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஜப்பானில் எல்லோரும்தான் குனிகிறோம். இவன் குனிந்தது கொஞ்சம் அதிகம்.

அந்த வருடம் ஓடிய தொடரின் பெயர் 'மின்மினி வீரன்'. சிரிப்புத் தொடர். அரக்கர்களெல்லாம் கோபக்கார வாணலி, தும்மல் பிடித்த குடை என்று இருப்பார்கள். வீரன் ஒரு பொதுக் குளியல் கூடத்தின் மாடியில் குடியிருப்பான். அந்தக் கூடத்துக்காரராக நடித்தவர் தோகுஸோ, பழைய மேடைச் சிரிப்பு நடிகர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சண்டைக்கு வந்த அரக்கனைப் பார்த்து, "டேய், முதல்ல உடம்பைத் தேச்சுக் குளிச்சிட்டு வாடா, அப்புறம் உலகத்தை அழிக்கலாம்" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள். கோடை முடிவதற்குள் தொடரை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. அசானுமா என்ற புது இயக்குநரை அனுப்பினார்கள். அவர் வந்ததும் வராததுமாக, "இனிமே வாணலியும் வேணாம், குடையும் வேணாம். பாத்தா வயித்தைக் கலக்கற மாதிரி ஒருத்தன் வேணும்" என்றார். அப்படிப் பிறந்தவன்தான் சாம்பல் பிரபு. சாம்பல் நிறக் கவசம், இரண்டு கொம்பு, நீண்ட வாள். பேச்சே கிடையாது.

அந்த உடைக்குள் யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது தோகுஸோதான் வாயைத் திறந்தார். "இவாவோவைப் போடுங்க. இத்தனை வருஷமா விழுந்தவனுக்குத்தான் அடுத்தவனை எப்படி விழவைக்கிறதுன்னு தெரியும்." அசானுமா அரை மனதோடு தலையாட்டினார். முதல் நாள் சரிப்பட்டு வராவிட்டால் வேறு ஆள் என்பது ஏற்பாடு.

முதல் நாளே சொதப்பினான். புகைக்குள்ளிருந்து நடந்து வந்து மின்மினி வீரனைக் கன்னத்தில் ஓர் அறை விட்டுச் சாய்க்க வேண்டும். கொம்பின் பாரத்தில் கணக்குத் தவறி, அடி நிஜமாகவே போய் விழுந்தது. வீரன் வேடத்தில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான், கேமரா, கதை, உலக அழிவு எல்லாம் இவாவோவுக்கு மறந்துபோனது. இரண்டடி பின்னால் போனான். குதிகாலைச் சேர்த்தான். தலை வலப்பக்கம் சாய, கொம்பு தரையைப் பார்க்க, மெதுவாக, ஆழமாக, விழுந்து கிடந்தவருக்கு வணக்கம் போட்டான்.

வேலை போச்சு என்று இவாவோ நினைத்தான்.

"இன்னொரு தடவை பண்ணு," என்றார் அசானுமா.

"அடிக்கவா சார்?"

"அடிக்கறது இல்லைய்யா, குனியறது! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு."

அதன் பிறகு கதை எழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சாம்பல் பிரபு யாருக்கு வணக்கம் போடுகிறானோ அவனுக்கு அன்றோடு முடிவு. மரியாதையாகக் குனிவான், நிமிர்வான், வெட்டுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜப்பான் முழுக்கப் பிள்ளைகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசலில் குனிந்ததும் பிள்ளை வீறிட்டு அழுகிறது என்று தாய்மார்கள் சேனலுக்குத் தொலைபேசியில் சண்டை பிடித்தார்கள். போன கூட்டம் திரும்பி வந்தது. தொடர் பிழைத்தது.

அடுத்த கதைப் பிரதியைப் படித்த இவாவோ அப்படியே உட்கார்ந்துவிட்டான். சாம்பல் பிரபு குளியல் கூடத்துக்குள் நுழைகிறான், கூடத்துக்காரருக்கு வணக்கம் போடுகிறான் என்று இருந்தது.

தோகுஸோவுக்கு அப்போது வேறு வாய்ப்பே இல்லை. மனைவி ஃபுசாயே, காய்கறி வயல் ஓரமாக உடோன் என்னும் தடித்த நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்று வைத்திருந்தாள். அதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வீடு ஓடியது இந்தத் தொடரை நம்பித்தான். ஏற்றிவிட்ட ஏணியையே எட்டி உதைப்பதா? இவாவோ இயக்குநரிடம் ஓடினான்.

"சார், அவருக்கு வெறும் காயத்தோட விட்டுடலாமே?"

"எல்லாருக்கும் பிடிச்ச ஆள் அவர்தான். அதனாலதான் அவர்."

"அப்படின்னா அன்னிக்கு மட்டும் உடையை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

இது தோகுஸோவின் காதுக்குப் போயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து இவாவோவின் காதைப் பிடித்துத் திருகினார். "ஏன்டா, ஊர் பேர் தெரியாத எவன் கையாலயோ நான் சாகணுமா? என்னைக் கொல்ற தகுதி உனக்குத்தான்டா இருக்கு. ஒழுங்கா வந்து வெட்டு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று அவர் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்ததை இவாவோ பார்த்துவிட்டான்.

அந்தக் காட்சி வந்தது. பிரதியின்படி கூடத்துக்காரர் அலறி ஓடி, வாளிகளுக்கு நடுவே விழ வேண்டும். சாம்பல் பிரபு குனிந்து வணக்கம் போட்டான். தோகுஸோ ஓடவில்லை. அத்தனை நாளும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், மடித்தார், இவாவோவைவிடக் கீழே குனிந்து பதில் வணக்கம் போட்டார்.

எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. பெரியவர் நம்மைவிடக் கீழே குனிந்தால் நாம் இன்னும் கீழே குனிந்தாக வேண்டும். இவாவோ குனிந்தான். தோகுஸோ அதற்கும் கீழே போனார். இவன் இன்னும் கீழே. கொம்பு தரை ஓட்டில் டக்கென்று இடித்தது. விளக்குப் பிடித்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். ஆனால் தோகுஸோ நிமிரவே இல்லை. குனிந்தபடியே நின்றார். நிற்க நிற்க அவர்களுடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"டேய், முதுகு வலிக்குதுடா. வெட்டு," என்று தோகுஸோ கொம்புக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

இவாவோ வெட்டினான்.

இயக்குநர் நிறுத்தச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. விடைபெறும் நடிகருக்குத் தரும் பூங்கொத்தைத் தோகுஸோவுக்குத் தந்தார்கள். முகமூடிக்குள் இவாவோ தேம்பிக்கொண்டிருந்தான். அந்தக் கவசத்தின் கொக்கிகள் முதுகில். போட்டவன் தானே கழற்ற முடியாது. எல்லோரும் தோகுஸோவைச் சுற்றி நின்றதால் இவனைக் கவனிக்க ஆளில்லை. யாரோ வந்து கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஒரு நன்றி சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு உடோன் கடைப் பக்கம் போக அவனுக்குக் கால் வரவில்லை. என்ன முகத்தோடு போவது? அவர் வேலையைத் தின்று தான் பிழைத்ததாகவே நினைத்தான். தொடரின் கடைசி வாரத்தில் கல்குவாரியில் சாம்பல் பிரபுவையும் வெடி வைத்துத் தீர்த்தார்கள். இவாவோவுக்கும் பூங்கொத்து கிடைத்தது. அதைக் கையில் வாங்கியபோதுதான், இனியும் போகாவிட்டால் தான் மனிதனே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு போனான். கடை மூடியிருக்கும் என்றுதான் பயந்தான். பார்த்தால் வாசலில் வரிசை நிற்கிறது. அம்மாக்களும் பிள்ளைகளும்.

"இங்க என்னங்க விசேஷம்?" என்று முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டான்.

"உங்களுக்குத் தெரியாதா? அந்தக் குளியல் கூடத்துத் தாத்தா கடை இது. டி.வி.ல அவர் செத்த மறுநாளே எங்க தெருப் பிள்ளைங்களெல்லாம் பூவும் ஊதுபத்தியும் எடுத்துக்கிட்டு இங்க வந்துடுச்சுங்க. அவர் கையில கிண்ணத்தோட வெளிய வந்தாரு பாருங்க, ஒரே அழுகை! இப்பவும் எம் பொண்ணு அவர் உயிரோட இருக்காரான்னு பாத்துட்டுத்தான் வாய்ல வெப்பா."

முறை வந்ததும் இவாவோ உள்ளே போனான். அடுப்படியிலிருந்து ஃபுசாயே, "வாங்க, வாங்க!" என்றாள். பழக்க தோஷம் விடுமா? நனைந்த குடையைக் கையில் பிடித்தபடியே குதிகாலைச் சேர்த்து, தலை வலப்பக்கம் சாய, வணக்கம் போட்டான்.

உறிஞ்சும் சத்தமெல்லாம் நின்றுபோனது. ஒரு சிறுமியின் கையிலிருந்து சாப்பிடும் குச்சி விழுந்தது. "சாம்பல் பிரபு," என்றாள் மெல்ல.

உள்ளேயிருந்து தோகுஸோ வந்தார். தட்டைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து மடித்துக் குனிந்தார். இவாவோ இன்னும் கீழே குனிந்தான். அவர் அதற்கும் கீழே. பிள்ளைகள் அத்தனை பேரின் கண்ணும் வாள் போல நீண்ட அந்தக் குடையின் மேலேயே இருந்தது.

"டேய், முதுகு வலிக்குதுடா," என்றார் தோகுஸோ.

இவாவோ நிமிர்ந்தான். திரும்பிப் போய், கதவோரம் இருந்த தொட்டியில், சின்னச் சின்னக் குடைகளுக்கு நடுவே தன் குடையையும் சொருகினான்.

"நன்றிண்ணே," என்றான். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். கொக்கி முதுகுல மாட்டிக்கிச்சு."

"நன்றியை எனக்குச் சொல்றியா? இருபது வருஷம் சிரிக்க வெச்சேன்டா, ஒருத்தனும் என் வீடு எங்க இருக்குன்னு கேக்கலை. நீ ஒரு வெட்டு வெட்டின, ஊரே தேடிக்கிட்டு வந்துடுச்சு. நான்தான்டா உனக்குச் சொல்லணும்." குரல் உடைந்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டு, "ஃபுசாயே, என்னைக் கொன்ன ஆள் வந்திருக்கான், பெரிய கிண்ணமாப் போடு!" என்று கத்தினார்.

சிறுமி கீழே விழுந்த குச்சியை எடுத்தாள். தொட்டியில் குடை அசையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இவாவோவுக்கு இடம் விட்டாள்.