ஒரு மீட்டர்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. நடந்ததை நடந்தபடி, மணி உட்பட எழுதுகிறேன். கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவன் நான். எண்ணில் கால் பங்கு தப்பினாலும் அடுத்தவன் தலைவலியில் துடிப்பான். எண்களில் நான் விளையாட மாட்டேன்.

பழைய ஃபிலிம் கேமரா சேர்ப்பது என் பைத்தியம். அதிலும் தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வீட்டில் பதினொன்று இருக்கிறது. என் மனைவி அவற்றுக்கு வைத்த பெயர் 'சின்ன வீடு'. "சின்ன வீட்டைத் தொடச்சு முடிச்சாச்சுன்னா, பெரிய வீட்டுப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்பாள்.

பன்னிரண்டாவது வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நிமோனியா. மூச்சுக்கு அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் ஒரு மாலை வெளியே நடந்தேன். வழியில் ஒரு வீட்டில், இறந்துபோன ஒரு பெரியவரின் சாமான்களை அவர் மகள் விற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே போனேன். பெண்டாட்டி ஆக்சிஜனில் இருக்கும்போது கேமரா வாங்கினானே என்று நீங்கள் காறித் துப்பலாம். நானே துப்பிக்கொண்டாயிற்று.

தோல் உறையோடு அருமையான கேமரா. உறையின் மூடிக்குள் மடித்த தாள் ஒன்று, தேதியும் எண்களுமாக. பெரியவர் எடுத்த படங்களின் குறிப்பு என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் லென்ஸ் வளையத்தைச் சுற்றி டேப். நாலைந்து சுற்று. பசை காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. லென்ஸில் டேப் ஒட்டுகிறவனை என்ன செய்தால் தகும்? ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அரை மணி நேரம் துடைத்து, சுத்தமாக எடுத்தேன். பெருமையாக இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராவின் முகப்பில் இரண்டு சின்ன ஜன்னல்கள். கண்ணை வைத்தால் நடுவில் ஒரு மஞ்சள் சதுரம். அதற்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் அந்தப் பொருள் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று வளையம் சொல்லிவிடும். படுத்த எட்டு போட்டிருந்தால் கண்ணுக்கெட்டாத தூரம். பிறகு 10, 5, 3, 2, 1½, 1. ஒன்றுக்குக் கீழே வளையம் போகாது. வேலை முடிந்தால் படுத்த எட்டில் வைத்து மூடுவது என் பழக்கம்.

திங்கட்கிழமை மனைவியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பில் 96. "தொண்ணூறுக்குக் கீழ போனா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

செவ்வாய் காலை 7.15. ஹால் அலமாரியில் இருந்த கேமராவின் வளையம் 10-ல் நின்றது. கை பட்டிருக்கும் என்று திருப்பி வைத்தேன்.

புதன் காலை 7.10. வளையம் 5-ல் இருந்தது. துணைக்கு வந்திருந்த மச்சானைக் கேட்டேன்.

"கேமராவத் தொட்டியா?"

"உங்க கேமராவா? எனக்கு உயிர்மேல ஆசையிருக்கு மாமா."

வியாழன் மாலை 4.10. வளையம் 3-ல். எடுத்துக் கண்ணில் வைத்தேன். எதிரே வீட்டின் நடை. மஞ்சள் சதுரத்துக்குள் கதவு இரட்டை. நாற்காலி இரட்டை. சுவர்க் கடிகாரம் இரட்டை.

ஒன்று மட்டும் இரட்டையாக இல்லை.

ஆள் உயரம். தோள் தெரிந்தது. மூன்று மீட்டரில், துல்லியமாக... நின்றது.

கேமராவை இறக்கினேன். நடையில் ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன். இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் மட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து எதுவோ அவள் பின்னாலேயே வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. என் உயிரே போய்விட்டது. யாரிடம் சொல்வது? சொன்னால் என்னைத்தான் முதலில் அட்மிட் செய்வார்கள். அது எங்கே நிற்கிறது என்று காட்ட என்னிடம் இருந்தது கேமரா ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவளை விட்டு நகரக் கூடாது என்று பிடிவாதம். பைத்தியக்காரன்.

வெள்ளி காலை 9.30. வளையம் 2. கிளிப்பில் 93.

11.20. 1½. கிளிப்பில் 91.

வளையத்தை விரலால் இறுக்கிப் பிடித்தேன். உள்ளே மெதுவாக... க்ர்ர்ர்... என்று அரைத்துக்கொண்டு என் பிடியிலேயே திரும்பியது.

"ஏங்க," என்றாள் அவள், கண் திறக்காமல். "மூச்சு முட்டுது."

2.45. வளையம் 1-ல் முட்டி நின்றது. டக்.

கிளிப்பில் 88.

மச்சான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். சதுரம் முழுக்க இருட்டு. எதுவும் இரட்டையாக இல்லை.

அப்போதுதான் உறைத்தது.

ரேஞ்ச்ஃபைண்டர் எதிலிருந்து அளக்கும்?

கேமராவிலிருந்து.

அது அவளைத் தேடி வரவில்லை. கேமராவைத் தேடி வந்திருக்கிறது. நான்தான் அதைக் கட்டில்வரை கூட்டி வந்திருக்கிறேன்.

ஓடினேன்.

"மாமா, எங்க போறீங்க?" மச்சானின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

இரண்டு தெரு தள்ளி என் கடை. அவள் கைக்குப் போட்ட பிளாஸ்டர் மிச்சம் சட்டைப்பையில் இருந்தது. வளையத்தைச் சுற்றி இறுக்கி ஒட்டி, கேமராவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

3.05. போன் அடித்தது.

"மாமா, தொண்ணூத்தி நாலு. ஏறிட்டே இருக்கு. ஆம்புலன்ஸ்காரங்களே பார்த்துட்டு, வேண்டாம்னு போயிட்டாங்க."

கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதேன்.

அதன் பிறகு அவள் நன்றாகத் தேறினாள். எழுந்து நடந்தாள். 'சின்ன வீடு' பேச்சும் திரும்பி வந்தது. எட்டாம் நாள், சனிக்கிழமை, கேமராவைத் திருப்பிக் கொடுத்துத் தலைமுழுக அந்தப் பெரியவரின் மகளிடம் போனேன். பிளாஸ்டரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அப்பா ஒட்டின டேப்பை எடுத்துட்டீங்களா? அது இருக்கிறவரை ஒண்ணும் ஆகாதுன்னுதானே வித்தேன்."

நடந்ததைச் சொன்னேன். உறை மூடிக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். பெரியவரின் கையெழுத்து. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு எண். 10. 5. 3. 2. 1½. 1.

"அப்பாவும் உங்கள மாதிரிதான். அம்மா கட்டில்கிட்டயே இதை வச்சுட்டு உக்காந்திருந்தார். அப்புறம் கொண்டுபோய் ஆபீஸ்ல பூட்டினார். அம்மா நல்லாயிட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"கடைசியில ஒண்ணுன்னு எழுதியிருக்குல்ல, அந்தத் தேதியிலருந்து ஒன்பதாம் நாள் அம்மா போயிட்டாங்க. டாக்டருக்கே காரணம் தெரியல. நடுவுல அப்பா ரூம் மாத்தினார், வீடே மாத்தினார். ஒண்ணும் உதவல."

"ஆனா கேமராதான் அங்க இல்லையே?"

அவள் தாளை மடித்தாள்.

"கேமராவை மட்டும்தானே எடுத்துட்டுப் போனார். வந்தது அம்மா பக்கத்துலயேதான நின்னுச்சு."

நானும் கேமராவை மட்டும்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நேற்று மாலையே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பிக் கொடுக்காமல் கடையில் வைத்திருந்த கேமராவை ராத்திரியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதற்கு வேண்டியது இதுதான் என்றால் எடுத்துக்கொண்டு தொலையட்டும். பிளாஸ்டரைக் கிழித்து வளையத்தைப் படுத்த எட்டுக்குத் திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை முயன்றேன். ஒரு மீட்டருக்குள் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல இந்தக் கேமராவால் ஆகாது.

இன்று ஞாயிறு. ஒன்பதாம் நாள். காலை 11.05. கிளிப்பில் 97. மச்சான் கடைக்குப் போயிருக்கிறான். அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

இப்போதுதான் பேசினாள். கண்ணைத் திறக்கவில்லை.

"ஏங்க... கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். மூச்சு என் மூஞ்சில படுது."

நான் கதவோரம் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலுக்கும் எனக்கும் மூன்று மீட்டர்.